ஐப்பசி மழைக்கு எந்த ராகம்?

கேள்வி: ஐப்பசி பிறந்தால் இங்கே நாலு மணிக்கே மூடுபனி இறங்கிவிடுகிறது. அந்த நேரத்துக்கு ஏற்ற சோக ராகங்களை எப்படிக் கேட்கத் தொடங்கலாம்? தகரக் கூரையில் மழை விழுந்தால் பாட்டே காதில் விழுவதில்லை.
– வாசகி, கோத்தகிரி

பதில்: சிவரஞ்சனியில் தொடங்குங்கள். ஸ ரி க ப த, ஐந்தே சுரம். மோகன ராகத்தின் அந்தர காந்தாரத்தை, அதாவது உயர்ந்த ‘க’வை, அரை சுரம் இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் சிவரஞ்சனி. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சிரித்த முகம் வாடுவதுபோல அந்த ஒரு சுரம் மாறுவது பிடிபடும். அது பழகியபின் முகாரி. ஏறும்போது சதுஸ்ருதி தைவதம் (உயர்ந்த ‘த’), இறங்கும்போது சுத்த தைவதம் (தாழ்ந்த ‘த’). ‘நி த ப’ என்று இறங்கும் இடத்தில்தான் அதன் உயிரே இருக்கிறது. 45வது மேளமான (தாய் ராகமான) சுபபந்துவராளி கனமானது. ஒரு மாலைக்கு ஒரு ஆலாபனை, அதாவது தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது, போதும்.

மழை வலுத்தால் வீணையை ஒதுக்கிவையுங்கள். மீட்டிய நாதம் தேயும்போதுதான் அதன் கமகம், அதாவது சுரத்தின் அசைவு, கேட்கும். அந்தத் தேய்வைத் தகரச் சத்தம் மூடிவிடும். வில் இழுக்கும் வயலின் நாதம் நீண்டு நிற்பதால் தாக்குப்பிடிக்கும். ஒலியைக் கூட்டாதீர்கள், காதுதான் வலிக்கும். ஸ்பீக்கரை மூன்றடிக்குள் இழுத்து வையுங்கள், அல்லது காதை முழுக்க மூடும் ஹெட்போன் போடுங்கள். மழை விட்டதும் வீணைக்குத் திரும்புங்கள்.