வெளிநாட்டில் வீட்டோடு இருக்கும் மனைவி உல்லன் பின்னக் கற்றுக்கொள்வது வெட்டி வேலையா?

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இது: கணவருக்குக் குளிர் நாட்டில் வேலை, நீங்கள் வீட்டில். பக்கத்து நூலகத்தில் வாரம் ஒருநாள் பெண்கள் கூடிப் பின்னுகிறார்கள், போய்ச் சேரலாமா என்று யோசனை. மாமியார் போனில் "சும்மாதானே இருக்க" என்கிறார். கணவர் மூன்று நாள் பக்கத்து நகரத்துக்குப் போய் வரலாம் என்று கூப்பிடுகிறார், அதுவும் உங்களுக்கு வீண் செலவாகத் தெரிகிறது.

இரண்டுக்கும் போங்கள் தங்கச்சி. ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்சம் நீளமான கதை.

அந்த "சும்மாதானே இருக்க" என்ற வார்த்தையை நான் ஆறு வருஷம் கேட்டேன். நான் வட சென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேடு, என் வீட்டுக்காரர் புளியந்தோப்பு. அவருக்கு மணலி பக்கம் ஒப்பந்த வேலை, அந்த அனுபவத்தில் ஸ்காட்லாந்தில் ஆபர்டீன் என்ற ஊரில் வேலை கிடைத்தது. வட கடலில் எண்ணெய் எடுக்கும் மேடை. ஹெலிகாப்டரில் கூட்டிக்கொண்டு போவார்கள், மூன்று வாரம் கடலில், மூன்று வாரம் வீட்டில். அந்த முதல் மூன்று வாரத்தில் நான் எப்படி இருந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. நான் பி.காம் படித்து பாரிமுனையில் ஐந்து வருஷம் கணக்கு எழுதியவள். எங்கள் விசாவில் மனைவி வேலை செய்யத் தடை இல்லை, அதனால் "வேலை தேடாமல் பின்னல் போடச் சொல்கிறாயா" என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், நானும் தேடினேன். நாற்பது இடத்துக்கு மேல் எழுதிப் போட்டிருப்பேன். இரண்டு இடத்தில்தான் பதிலே வந்தது, அதுவும் மன்னிக்கவும் என்று.

டிசம்பரில் அந்த ஊரில் காலை எட்டே முக்காலுக்குத்தான் வெயில் வரும், மாலை மூன்றரைக்குப் போய்விடும். ஊர் முழுக்கச் சாம்பல் நிறக் கருங்கல் கட்டடம். வானமும் அதே நிறம், கடலும் அதே நிறம். காசிமேட்டில் விடியற்காலை இரண்டு மணிக்கே ஏலச் சத்தம் கேட்டு எழுந்தவளுக்கு அந்த நிசப்தம் எப்படி இருந்திருக்கும்? ஒருநாள் குளிருக்குப் பயந்து நூலகத்துக்குள் நுழைந்தேன். உள்ளே எட்டுப் பத்துப் பாட்டிகள் வட்டமாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு, கையில் 4 மில்லிமீட்டர் ஊசி இரண்டையும் ஒரு பந்து நூலையும் கொடுத்தார். அவர் பேசிய ஆங்கிலம் எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் கை புரிந்துகொண்டது.

ஏன் என்றால் நைனா வலை பின்னுகிறவர். தடைக்காலத்தில், இப்போது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நாட்களில் வாசலில் வலையைப் பரப்பிப்போட்டு, கிழிந்த இடத்தைத் தேடித் தேடித் தைப்பார். நாங்கள் வலை ஊசியில் நூல் சுற்றிக் கொடுப்போம். அம்மா வயர் கூடை போடுவாள், சிவன் கண், நெல்லிக்காய் என்ற கூடைப் பின்னல் எல்லாம் எனக்குப் பத்து வயதிலேயே வரும். அதனால் உல்லன் பின்னலின் அடிப்படையான நிட், பர்ல் என்ற இரண்டு வகைக் கண்ணும் ஒரே மாலையில் வந்துவிட்டது. மற்ற எல்லா வடிவமும் இந்த இரண்டிலிருந்துதான்.

ஆறு மாதத்தில் சாக்ஸ் பின்னினேன். இரண்டு பக்கமும் முனை உள்ள ஐந்து ஊசி, சுற்றுக்கு 64 கண், அதாவது 64 வளையம். குதிகால் திரும்பும் இடத்தில் தட்டையாக இருந்த துணி திடீரென்று கிண்ணம் மாதிரி குழிந்து நிற்கும், அதை முதல் தடவை பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு ஜோடிக்கு இருபது மணி நேரம் ஆகும். "கடையில நூறு ரூபாய்க்கு மூணு ஜோடி கிடைக்குமே" என்று என் சித்தி சொன்னாள். கிடைக்கும். அதை வாங்கிக்கொள்ளட்டும்.

அந்தப் பாட்டிகளிடம்தான் கான்ஸி பற்றித் தெரிந்துகொண்டேன். அந்தக் கரையோர மீனவர்கள் போட்ட கம்பளிச் சட்டை அது. இறுக்கி முறுக்கிய ஐந்து இழை நூலில், மெல்லிய ஊசியில், காற்றும் சாரலும் உள்ளே போகாத அளவுக்கு நெருக்கிப் பின்னுவார்கள். தையலே கிடையாது, உடம்பைச் சுற்றிச் சுற்றி வரும். கையைத் தோளிலிருந்து கீழே நோக்கிப் பின்னுவார்கள். காரணம், முதலில் தேய்வது மணிக்கட்டுப் பக்கம்தான், அதை மட்டும் பிரித்து மறுபடி பின்னிக்கொள்ளலாம். அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு விடுவார்கள், கை தூக்கி வலை இழுக்க வசதியாக. கடலில் செத்தவனை அடையாளம் காணத்தான் ஊருக்கு ஒரு வடிவம் என்று சொல்வார்கள், அது பெரும்பாலும் கதைதான். ஆனால் ஓரத்தில் பெயரின் முதலெழுத்தைப் பின்னும் பழக்கம் நிஜமாகவே இருந்தது. மீனவன் உடம்பை நினைத்து நினைத்துச் செய்த சட்டை அது. நைனா கிழிந்த பனியனோடு மார்கழிக் காற்றில் கடலுக்குப் போனதை நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும். அந்த ஊரில் நம்மவர்கள் பொங்கலுக்குக் கூடுவார்கள். முதல் வருஷம் ஆசையாகப் போனேன். "சென்னைல எங்க?" என்று ஒரு அம்மா கேட்டார். காசிமேடு என்றேன். முகம் அப்படியே மாறியது. "அய்யோ, அங்கெல்லாம் ரவுடிங்க இருப்பாங்களாமே" என்றார். எங்கள் ராயபுரத்தில்தான் 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பியது. நீங்கள் வாங்கும் வஞ்சிரம் எங்கள் ஆட்கள் ராத்திரியெல்லாம் முழித்துப் பிடித்தது. மணலியில் எண்ணெய் சுத்திகரித்து, எண்ணூரில் புகை குடித்து, கொடுங்கையூரில் ஊர்க் குப்பையைச் சுமப்பது வட சென்னை. சினிமாவில் வெட்டுக்குத்து என்றால் மட்டும் எங்கள் தெருவைக் காட்டுவார்கள். அந்தப் பொங்கலுக்கு அப்புறம் நான் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. என்னை ஊர் பெயர் கேட்டு எடை போடாதவர்கள் அந்த நூலகத்துப் பாட்டிகள்தான். அவர்களுக்கு மீன் பிடிக்கிற குடும்பம் என்றால் மரியாதை. எல்லாத் தமிழர்களையும் சொல்லவில்லை, உதவி செய்தவர்களும் உண்டு. ஆனால் அந்த முகம் மாறியது இன்னும் மறக்கவில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன். நாலாவது வருஷம் நவம்பரில் அவர் கடலிலிருந்து திரும்பியதும் "எடின்பரா போய் மூணு நாள் இருந்துட்டு வரலாம்" என்றார். நானும் உங்களைப் போலத்தான், அந்தக் காசில் ஊருக்கு இன்னும் கொஞ்சம் அனுப்பலாமே என்றேன். அதற்குள் டிக்கெட் எடுத்துவிட்டார். ரயிலில் இரண்டரை மணி நேரம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாக்ஸ் பின்னிக்கொண்டே போனேன். 1890-இல் திறந்த அந்தச் சிவப்பு எஃகுப் பாலத்தில், ஃபோர்த் பாலம், ரயில் ஏறும்போதுதான் ஊசியைக் கீழே வைத்தேன்.

முதல் நாளே சண்டை. எனக்கு நூல் கடை, அவருக்குக் கோட்டை. "மூணு நாள்ல நூல் கடைக்கு அரை நாளா?" என்று முறைத்துக்கொண்டு வந்தார். கடையில் கையால் சாயம் போட்ட நூல் ஒரு சிட்டம், அதாவது உருண்டையாகச் சுற்றாமல் பெரிய வளையமாக இருக்கும் நூல், வாங்கினேன், 100 கிராம், 400 மீட்டர், நம் கடல் சாயங்காலம் இருக்கும் நிறம். மறுநாள் கோட்டை. அங்கே மதியம் ஒரு மணிக்கு பீரங்கி சுடுவார்கள், ஞாயிறு தவிர, 1861-லிருந்து, துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் மணி சரிபார்க்க. அந்தச் சத்தம் கேட்டதும் இவர் நின்றுவிட்டார். "தாத்தா மில் சங்கு பத்திச் சொல்வாரு" என்றார். அவர் தாத்தா பின்னி மில்லில் தறி ஓட்டியவர்.

அன்று ராத்திரி ஓட்டல் அறையில் அந்தச் சிட்டத்தை உருண்டையாகச் சுற்ற வேண்டும். சிட்டமாக வைத்துப் பின்ன முடியாது, சிக்கிக்கொள்ளும். நாற்காலி முதுகில் மாட்டப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் எழுந்து வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். "மாட்டு. தாத்தா வீட்டுல நான் புடிச்சிருக்கேன்." நான் எதிரில் தரையில் உட்கார்ந்து சுற்ற ஆரம்பித்தேன். நூல் இடது பக்கம் வரும்போது இடது கையைக் கொஞ்சம் சாய்ப்பார், வலது பக்கம் வரும்போது வலது கையை. சொல்லித் தராமலே. கை இரண்டும் கட்டுண்டு இருக்கிறது, போன் எடுக்க முடியாது, எழுந்து போக முடியாது. 400 மீட்டர் சுற்ற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஹெலிகாப்டர் ஏறும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு வயிறு பிசையும் என்று சொன்னார். நாலு வருஷமாக எனக்குத் தெரியாது. அவர் கிளம்பிப் போனதும் இரண்டு நாள் நான் சமைக்கவே மாட்டேன் என்று நானும் சொன்னேன். அவருக்கும் தெரியாது. நூல் தீர்ந்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை.

மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டு நியூஹேவன் போனோம். நகரத்தின் வடக்கு ஓரம், பழைய மீனவக் கிராமம். சின்னத் துறை, ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம், நாலைந்து படகு. அந்த ஊர் மீன்காரப் பெண்கள் கூடையை முதுகில் போட்டு, பட்டையை நெற்றியில் மாட்டி, நகரம் வரைக்கும் ஏறி நடந்து விற்றிருக்கிறார்கள். புகைப்படம் என்ற ஒன்று வந்த புதிதில், 1840-களில், ஹில், ஆடம்சன் என்ற இருவர் அவர்களைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்ததும் அன்னக்கூடையோடு நிற்கும் என் பெரியம்மாதான் நினைவுக்கு வந்தாள். அந்தக் கரையோரம் முழுக்க மத்தி மாதிரி ஒரு மீனை, ஹெர்ரிங், பெண்கள் அறுத்து உப்புப் போட்டிருக்கிறார்கள். மூன்று பேர் ஒரு செட்டு, இரண்டு பேர் அறுக்க, ஒருத்தி பீப்பாயில் அடுக்க. கத்தியும் உப்பும் படாமல் இருக்க விரலுக்குத் துணி சுற்றிக்கொள்வார்கள். வேலை இல்லாத நேரத்தில் அதே விரலால் நடந்துகொண்டே பின்னுவார்களாம். எறா உரித்து உரித்து வெளுத்துப்போன பெரியம்மாவின் விரல் நுனியைப் பார்த்தவளுக்கு அது வெறும் சரித்திரம் இல்லை. அவர் காற்றில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்து, "நம்ம ஊரு வாடை வரல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு வருஷம் முன் ஊரோடு வந்துவிட்டோம். எல்லாரையும் நான் அங்கேயே இருக்கச் சொல்லவில்லை, வரவும் சொல்லவில்லை, அது அவரவர் நிலைமை. நான் பின்னிய கான்ஸியை நைனா கையில் கொடுத்தேன். மடியில் வைத்து, விரலால் தடவி, ஒரு கண்ணைப் பிரித்துப் பார்த்தார். "இன்னாமா, முடிச்சே காணோம்? ஒண்ணு அறுந்தா ஓடிடுமே?" வலையில் ஒவ்வொரு கண்ணிலும் முடிச்சு உண்டு, ஒன்று அறுந்தாலும் மற்றது நிற்கும். இதில் எதுவுமே முடிச்சு இல்லை, ஒரு வளையம் இன்னொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். ஆனால் உல்லன் ஒன்றோடு ஒன்று ஒட்டும், சட்டென்று ஓடாது என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு குல்லா போடு" என்றார். மெட்ராஸ் வெயிலுக்கு உல்லன் எதற்கு என்று கேட்பவர்கள் மார்கழியில் வாடைக்காற்றில் விடியற்காலை மூன்று மணிக்குக் கடலில் இருந்து பார்த்தால் தெரியும். குல்லா போட்டேன். இப்போது அவரோடு படகில் போகிறவர்கள் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

அதனால் நூலகத்துக்குப் போங்கள். 4 மில்லிமீட்டர் மூங்கில் ஊசி வாங்குங்கள், இரும்பு ஊசி ஆரம்பத்தில் வழுக்கும். டபுள் நிட் என்ற நடுத்தரத் தடிமன் நூல், வெளிர் நிறமாகப் பாருங்கள். மூன்றரைக்கு இருட்டும் ஊரில் கருப்பு நூலில் கண் எது என்றே தெரியாது. அப்புறம் அந்த மூன்று நாள் பயணத்தில் உருண்டையாகச் சுற்றிய நூல் வாங்காதீர்கள், சிட்டமாகவே வாங்குங்கள்.