நாலு ஸ்டிக்கும் 6000 வேகமும்: வோல்ட்டேஜை ஏற்றுவதற்கு முன்

கேள்வி: ரைசன் 7 7700 பிராசசர், பி650 போர்டு. 16 ஜிபி ராம் ஸ்டிக் இரண்டு, டிடிஆர்5 6000, சிஎல்30 (டைமிங், அதாவது தாமத எண்). எக்ஸ்போ (ராமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் செட்டிங்) ஆன் செய்து ஓராண்டாக ஒரு தொந்தரவும் இல்லை. அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கிச் சேர்த்தேன். முதல் தடவை பல நிமிடம் திரை கறுப்பாகவே இருந்தது. பிறகு வந்தது, ஆனால் வேகம் 3600தான். எக்ஸ்போ போட்டால் கேம் ஆடும்போது அரை மணி நேரத்தில் ஹேங் ஆகிறது. ராம் சூடு 62 டிகிரி காட்டுகிறது. வோல்ட்டேஜை 1.45க்கு ஏற்றினால் சரியாகிவிடும், சூட்டுக்கு ஹீட்சிங்க் ஒட்டித் தருகிறேன் என்கிறார் விற்றவர். செய்யலாமா?

பதில்: வேண்டாம், இரண்டுமே வேண்டாம்.

உங்கள் பிராசசருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகத் தரும் வாக்கு இவ்வளவுதான்: இரண்டு ஸ்டிக் என்றால் 5200, நான்கு என்றால் 3600. அதற்கு மேல் போவதெல்லாம் ஓவர்கிளாக். எக்ஸ்போவும் ஓவர்கிளாக்தான், அதனால் வரும் சேதத்துக்கு பிராசசர் வாரன்டி கிடையாது. ராம் பெட்டியில் 6000 என்று கட்டைவிரல் அளவு எழுத்தில் அச்சடிப்பார்கள். போர்டு பெட்டியில் அதைவிடப் பெரிய எண் இருக்கும். 3600 மட்டும் பிராசசரின் விவரப் பட்டியலில் ஏதோ ஒரு மூலையில் பதுங்கியிருக்கும். பிரச்சினை என்று போனால் ராம்காரர் போர்டைக் கைகாட்டுவார், போர்டுகாரர் பிராசசரைக் கைகாட்டுவார். நடுவில் அல்லாடுவது நீங்கள்.

நான்கு ஸ்டிக்கில் ஏன் வேகம் விழுகிறது? பிராசசரிலிருந்து ராமுக்கு இரண்டு சானல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்லாட். இந்த வகை போர்டுகளில் பெரும்பாலும் ஒரே தடம்தான் முதல் ஸ்லாட்டைத் தொட்டுவிட்டு இரண்டாவதற்குப் போகும். கடைசி ஸ்லாட்டில் மட்டும் ஸ்டிக் இருந்தால் சிக்னல் சுத்தமாகப் போய்ச் சேரும். முன்னால் உள்ளதிலும் செருகினால் சிக்னலில் ஒரு பகுதி அங்கே முட்டித் திரும்பி, அடுத்து வரும் சிக்னலோடு கலங்கும். 6000 வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 0.17 நானோசெகண்ட். கலங்கல் தெளிய அது போதாது. 3600ல் 0.28 கிடைக்கிறது, சமாளித்துவிடுகிறது. முதல் தடவை திரை கறுப்பாக இருந்தது போர்டு இந்தத் தடங்களை அளந்து பார்த்ததால்தான். அதற்கு ‘மெமரி டிரெயினிங்’ என்று பெயர். நான்கு ஸ்டிக்கில் பத்து, பதினைந்து நிமிடம்கூட ஆகும். பயந்து பவரை நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இனி விற்றவர் சொன்னது. இந்த வகை ராமுக்கு எக்ஸ்போ வழக்கமாகத் தரும் 1.35லிருந்து 1.45க்குப் போனால் ராமின் சூட்டு உற்பத்தி ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். தடத்தில் கலங்கும் சிக்னலுக்கு இது மருந்தே அல்ல. ஒட்டும் ஹீட்சிங்க் இன்னும் மோசம். ஏற்கெனவே உள்ள கவசத்தைப் பிய்த்தால்தான் அதை ஒட்ட முடியும். பிய்க்கும்போது பசையோடு சிப்பும் சேர்ந்து பெயர்ந்து வரலாம். இன்னொரு பேச்சும் காதில் விழுந்திருக்கும்: “டிடிஆர்5ல ஈசிசி இருக்கு சார், தப்பே வராது.” அந்த ஈசிசி சிப்புக்குள் நடக்கும் தவறை மட்டும் திருத்தும். சிப்பிலிருந்து பிராசசர் வரைக்கும் உள்ள பாதையில் வரும் தவறு அதன் கண்ணிலேயே படாது. ஓவர்கிளாக்கில் தொல்லை தருவது பெரும்பாலும் அந்தப் பாதைதான்.

‘அதே மாடல்’ என்பதும் பொறிதான். ஒரே பெயரில் ஒரு தொகுப்பில் ஹைனிக்ஸ் சிப் வரும், அடுத்த தொகுப்பில் சாம்சங் வரும். சிபியூ-இசட் என்ற மென்பொருளில் எஸ்பிடி (ஸ்டிக்கின் விவரம்) பக்கத்தைத் திறந்து நான்கு ஸ்லாட்டுக்கும் டிராம் தயாரிப்பாளர் யார் என்று பாருங்கள். வேறு வேறாக இருந்தால், பெயர்தான் ஒன்று, இரண்டு ஜோடியும் வேறு சரக்கு. போர்டு நிறுவனத்தின் கியூவிஎல் பட்டியலில் (அவர்கள் சோதித்துத் தேறிய ராம்களின் பட்டியல்) ராமின் முழுப் பார்ட் நம்பரைத் தேடுங்கள், நான்கு ஸ்டிக் பத்தியில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு ஸ்டிக் பத்தியில் மட்டும் டிக் இருப்பதைக் காட்டி விற்பது வழக்கமான வேலை.

இப்போது சூடு. டிடிஆர்5 சிப்புகள் 85 டிகிரி வரை தாங்கும், ஆகவே 62ல் எதுவும் எரிந்துவிடாது. ஆனால் விளிம்பில் ஓடும் ராம் 50ஐத் தாண்டினாலே தடுமாறலாம். உங்கள் கணினி ஆன் ஆகிறது, அரை மணி ஓடுகிறது, பிறகுதான் விழுகிறது. இதில் சூட்டுக்கும் பங்கு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றி, ஒரு மேசை ஃபேனை ஸ்டிக்குகளின் மேல் நேராகத் திருப்பி, அதே கேமை ஒரு மணி நேரம் ஆடுங்கள். ஹேங் வரவில்லையானால் சூடு ஒரு காரணம். வந்தால் காரணம் வேறு, எத்தனை ஃபேன் வைத்தாலும் தீராது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் நான்கு ஸ்டிக்கின் சூட்டையும் தனித்தனியே பாருங்கள். நடுவில் உள்ளவை சில டிகிரி கூடுதலாக இருக்கும், காற்று நுழைய இடைவெளியே இல்லை. கிராபிக்ஸ் கார்டு ஊதும் சூடும் அங்கேதான் ஏறுகிறது. முன்பக்கம் உள்ளே இழுக்கும் ஃபேன் ஒன்று, பின்னால் வெளியே தள்ளுவது ஒன்று, இந்த இரண்டும் ஒழுங்காக ஓடினாலே நன்றாகக் குறையும்.

சோதிக்கும் முன் முக்கியமான கோப்புகளை வேறு டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். தவறு செய்யும் ராம் விண்டோஸையே சத்தமில்லாமல் கெடுக்கும்.

பழைய ஜோடியை மட்டும் ஏ2, பி2 ஸ்லாட்டில், அதாவது பிராசசரிலிருந்து இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகி எக்ஸ்போ போடுங்கள். பென்டிரைவிலிருந்து மெம்டெஸ்ட்86 என்ற ராம் சோதனை மென்பொருளை நான்கு சுற்று ஓட்டுங்கள். பிறகு புது ஜோடியை மட்டும் அதேபோல. ஒரே ஒரு பிழை வந்தாலும் தோல்விதான். இரண்டு ஜோடியும் தனித்தனியே தேறினால் ஸ்டிக்கில் குறையில்லை.

கேமுக்காக மட்டும் என்றால் புது ஜோடியைத் திருப்பிக் கொடுங்கள். 32 ஜிபி போதும், 6000 வேகத்தை விட்டுக்கொடுத்துப் பெறும் 64 ஜிபியால் கேமில் நஷ்டமே. 64 வேண்டும்தான் என்றால் 32 ஜிபி ஸ்டிக் இரண்டு உள்ள ஒரே கிட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

நான்கு ஸ்டிக்கை வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூடிய ஒரு நிலை உண்டு. பெரிய வீடியோ எடிட்டிங், பல விர்ச்சுவல் மெஷின் என்று உண்மையிலேயே இடம் பற்றாத வேலை இருந்து, திருப்பிக் கொடுக்கவும் வழியில்லாவிட்டால். அங்கே வேகம் இரண்டாம்பட்சம். ராம் நிரம்பி கணினி டிஸ்க்கைத் தேடிப் போவதைவிட மெதுவான ராம் எவ்வளவோ மேல். அப்படியானால் எக்ஸ்போவை ஆன் செய்துவிட்டு, வேகத்தை மட்டும் 4800க்கு இறக்குங்கள். டைமிங்கைத் தொடாதீர்கள், சிஎல்30 இந்த வேகத்தில் 12.5 நானோசெகண்ட், 6000ல் 10தான், ஆக ஸ்டிக்குக்கு இது இளைப்பாறல். ராம் வோல்ட்டேஜ் 1.25ல் தொடங்கி, பிழை வந்தால் 1.30. எஸ்ஓசி வோல்ட்டேஜ் (பிராசசருக்குள் ராமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) 1.20 போதும். அது எக்காரணம் கொண்டும் 1.30ஐத் தாண்டக் கூடாது. 2023ல் பிராசசர்கள் கருகிய பிறகுதான் ஏஎம்டியே பயாஸில் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் போர்டின் மென்பொருள்) அந்த எல்லையைப் போட்டது, அதனால் பழைய பயாஸ் வைத்திருந்தால் முதலில் புதுப்பியுங்கள். மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோர் என்ற பயாஸ் செட்டிங்கை (முன்பு டிரெயினிங்கில் எடுத்த அளவைச் சேமித்து வைப்பது) சோதனை முடியும் வரை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பழைய அளவையே வைத்துக்கொண்டு ஏமாற்றும். நான்கு சுற்று தேறினால் 5200, பிறகு 5600. எங்கே பிழை வருகிறதோ அதற்கு முந்தைய படியில் நின்றுவிடுங்கள்.

நடுவில் திரையே வராமல் போனால் கால் மணி நேரம் பொறுங்கள். அதற்கும் வராவிட்டால் பவர் கேபிளைப் பிடுங்கி, போர்டில் கிளியர் சிமாஸ் என்று எழுதியுள்ள இரண்டு பின்னையும் ஸ்குரூடிரைவர் நுனியால் பத்து வினாடி சேர்த்துத் தொடுங்கள், பயாஸ் செட்டிங் எல்லாம் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும்.