குடம் தூக்கலாமா?

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்திருக்கிறார்கள். கை வீங்கிவிடும் என்று மாமியார் தண்ணீர்க் குடத்தைத் தொடவிடுவதில்லை. எனக்கோ மாவு டப்பாவைத் தூக்கவே தெம்பில்லை. டம்பெல் தூக்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மாமியாரைக் குறை சொல்லாதீர்கள் அம்மா. பிசியோதெரபிஸ்டுகளான நாங்களும் ஒரு காலத்தில் அதையேதான் சொன்னோம். 2009-ல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு அந்தப் பயத்தை அசைத்தது. கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பாதியினரை வாரம் 2 முறை எடை தூக்கவைத்தார்கள். வீக்கம் கூடவில்லை, அது திடீரென மோசமாவதும் குறைந்தது. ஆனால் கையில் அழுத்த உறை (வீக்கத்தைக் கட்டுப்படுத்தும் இறுக்கமான துணி உறை) போட்டு, பயிற்சியாளர் மேற்பார்வையில், மிகக் குறைந்த எடையில் தொடங்கினார்கள். குடத்தில் இல்லை!

முதலில் புற்றுநோய் மருத்துவரிடம் கேளுங்கள், எலும்பு நிலையையும் சேர்த்து. சரி என்றால் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், 10 முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். வளையலோ மோதிரமோ இறுகினால், கை கனத்தால், அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அப்புறம், மாவு டப்பாவை இப்போதைக்குக் கீழ்த்தட்டில் வையுங்கள்.