டிராகன் குவெஸ்ட், இனி – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

ஓவியர் அகிரா தொரியாமா மறைந்த சமயத்தில் நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துத்தான் டிராகன் குவெஸ்ட் என்ற ஜப்பானிய வீடியோ கேம் தொடரின் பக்கம் வந்தேன். பதினொன்றாம் பாகத்தை முடித்தேன், அப்புறம் மூன்றாம் பாகத்தின் புதிய ரீமேக்கையும். இப்போது பன்னிரண்டுக்காகக் காத்திருக்கிறேன். அறிவித்தது 2021-ல். கதை பெரியவர்களுக்கானதாக இருக்கும், பட்டியலிலிருந்து கட்டளையைத் தேர்ந்தெடுத்து ஆடும் கட்டளை மெனு சண்டையை மாற்றப்போகிறோம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். வரைந்தவரும் இல்லை, இசையமைத்தவரும் இல்லை. தொடரை உருவாக்கி எழுதிய யூஜி ஹோரியும் எழுபதைத் தாண்டிவிட்டார். இப்படி முறைவைத்து ஆடும் டர்ன் பேஸ்டு கேம்களின் காலமே முடிந்தது என்று நண்பர்கள் வேறு சொல்கிறார்கள். வேறு யாரோ வரைந்து, வேறு யாரோ இசையமைத்து, அடிதடி கேமாக ஆகிப்போவதைவிட, பன்னிரண்டோடு இந்தத் தொடரை மரியாதையாக நிறுத்திவிடுவதே நல்லது என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பன்னிரண்டு வரும்வரை எதை ஆடலாம்?

ஆர்., கோயம்புத்தூர்

அன்புள்ள ஆர்,

நிறுத்த வேண்டாம் என்பதே என் பதில். உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது இருக்கவேண்டிய இடம் வேறு என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டாவதை அறிவித்தது 2021 மே 27 அன்று, தொடரின் 35-ஆம் ஆண்டு நாளில். இசையமைப்பாளர் கொய்ச்சி சுகியாமா அப்போது உயிரோடு இருந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 30 அன்று, 90 வயதில் காலமானார். தொரியாமா போனது 2024 மார்ச் 1 அன்று, 68 வயதில். அதே ஆண்டு மே 27 வந்தபோது ஹோரி, பன்னிரண்டாவது அந்த இருவரின் கடைசிப் படைப்பாகவும் அமைவதால் அதற்குத் தகுந்ததாக அதைச் செய்துகொண்டிருக்கிறோம் என்று எழுதினார். ஆக, பன்னிரண்டில் மூவரும் இருப்பார்கள். அதற்கு எத்தனை வருடம் ஆனாலும் நான் காத்திருப்பேன். நீங்கள் கேட்டிருப்பது உண்மையில் பதிமூன்றைப் பற்றிய கேள்வி.

தொரியாமாவையும் சுகியாமாவையும் பற்றி எல்லோரும் பேசுகிறோம். அவர்கள் செய்தது கண்ணுக்கும் காதுக்கும் உடனே தெரியும். ஹோரி கொடுத்த ஓவியத்தில் ஸ்லைம் என்பது கண் முளைத்த ஒரு கூழ்க் குவியல். தொரியாமா அதைச் சொட்டு வடிவமாக்கி, ஒரு சிரிப்பையும் வைத்தார். கொல்லவேண்டிய முதல் எதிரியே சிரித்துக்கொண்டு நிற்கும் கேம் அப்படித்தான் உருவானது. முதல் கேம் வந்த 1986-ல் சுகியாமா ஐம்பத்தைந்து வயதுக்காரர், பெயர் பெற்ற இசையமைப்பாளர். தொடரை வெளியிட்ட எனிக்ஸ் நிறுவனத்தின் ஷோகி (ஜப்பானியச் சதுரங்கம்) கேம் ஒன்றைப் பற்றிக் கருத்து எழுதிய அஞ்சலட்டை மூலமாகத்தான் அந்த நிறுவனத்துக்கு அறிமுகமானார். தொடக்க இசையை ஐந்து நிமிடத்தில் எழுதியதாகச் சொன்னார், அந்த ஐந்து நிமிடத்துக்குப் பின்னால் ஐம்பது வருடத்துக்கு மேலான இசை இருந்தது என்றும் சேர்த்துச் சொன்னார். 2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவில் விளையாட்டு வீரர்கள் அணிவகுத்து வந்தபோது முதலில் ஒலித்தது அந்த இசைதான்.

ஹோரி செய்தது இப்படிக் கண்ணில் படாது. முதல் கேமின் முதல் அறையை எடுத்துக்கொள்ளுங்கள். அரசர் முன்னால் நிற்கிறீர்கள். அறைக் கதவு பூட்டியிருக்கிறது. அரசரிடம் பேச வேண்டும், காவலர்களிடம் பேச வேண்டும், அங்கே இருக்கும் பெட்டிகளைத் திறந்து சாவியை எடுக்க வேண்டும், அந்தச் சாவியால் கதவைத் திறந்து படியில் இறங்க வேண்டும். வெளியே வரும்போது அந்த கேமை ஆடத் தேவையானதில் பெரும்பகுதி உங்களுக்குத் தெரிந்திருக்கும், யாரும் பாடம் நடத்தியிருக்க மாட்டார்கள். 1986 ஜப்பானில் ஆர்பிஜி, அதாவது ஒரு பாத்திரமாக மாறி ஆடும் கேம் வகை, என்றால் விஸார்ட்ரி, அல்டிமா மாதிரி கம்ப்யூட்டர் கேம்கள், அவற்றை ஆடியவர்கள் வெகு சிலர். ஹோரி எழுதியது அவற்றைக் கண்ணாலேயே பார்த்திராத சிறுவர்களுக்கு. கோட்டையை விட்டு வெளியே வந்ததும் தண்ணீருக்கு அந்தப் பக்கம் கடைசி எதிரியின் கோட்டை தெரியும். எங்கே போக வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது, எப்படிப் போவது என்று தெரியாது. வழியில் தோற்றுப்போனால் காசில் பாதி போகும், சேர்த்த அனுபவம் போகாது. அரசர் கொஞ்சம் கடிந்துகொண்டு மறுபடி அனுப்பி வைப்பார்.

நாற்பது வருடமாக இந்தத் தொடரைத் தாங்குவது இந்தப் பரிவுதான் என்று நான் நம்புகிறேன். கைவேகம் இல்லாதவரும் பொறுமை இருந்தால் முடித்துவிடலாம். ஊரில் நடமாடும் ஒவ்வொருவரும் இரண்டு வரி பேசுவார்கள், அந்த இரண்டு வரியில் அந்த ஊரின் கவலை இருக்கும். அந்த வரிகளை எழுதியவர், மேற்பார்த்தவர் ஹோரி. மூவரில் மிஞ்சியிருப்பவர் அவர்தான், கைமாற்றித் தர இன்னும் நேரம் இருப்பவரும் அவர்தான். தொரியாமாவின் பாணியைப் பின்பற்றி வரைய ஆயிரம் பேர் கிடைப்பார்கள். ஹோரியின் இரண்டு வரியை எழுத யாரைப் பழக்கியிருக்கிறார்கள்? இந்தத் தொடரை நேசிக்கிறவர்கள் பயப்பட வேண்டியது இதற்குத்தான்.

மற்றபடி கைமாற்றம் இங்கே புதிதே இல்லை. முதல் ஐந்து பாகங்களைச் செய்தது கொய்ச்சி நகமுராவின் சுன்சாஃப்ட். ஆறும் ஏழும் ஹார்ட்பீட். எட்டும் ஒன்பதும் லெவல்-5. பத்தாவது ஆன்லைன் கேம், ஸ்கொயர் எனிக்ஸே செய்தது. அதை முதலில் இயக்கியவர் ஜின் ஃபுஜிசாவா. நீங்கள் ரசித்த பதினொன்றை இயக்கியவர் டகேஷி உச்சிகாவா. இத்தனை பேர் கை மாறியும் ஒரே வீட்டுக்குள் இருப்பது போல உங்களுக்குத் தோன்றியது அல்லவா? அப்படியானால் அந்தப் பரிவைக் கற்றுக்கொடுக்க முடியும் என்றுதான் அர்த்தம்.

சரி, பெரியவர்களுக்கான கதை என்ற விஷயம். இதில் எனக்குக் கொஞ்சமும் பயமில்லை, ஏனென்றால் இந்தத் தொடரின் மிக இருண்ட இடங்கள் எப்போதோ எழுதப்பட்டுவிட்டன. 1992-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஓர் இடம். கதை தெரியக்கூடாது என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம், தெரிந்துகொண்டு ஆடினாலும் அந்த இடம் குறைந்துபோவதில்லை. நாயகன் ஆறு வயதுப் பையன். எதிரி அவன் கழுத்தில் ஆயுதத்தை வைத்துக்கொண்டு, அவன் அப்பாவை அடங்கி நிற்கச் சொல்கிறான். வழக்கமான சண்டைத் திரை வருகிறது. நாம் அழுத்த எந்தக் கட்டளையும் இல்லை. அரக்கர்கள் அடிக்கிறார்கள், அப்பா திருப்பி அடிக்கவில்லை. சுற்றுக்குச் சுற்று அதையே திரையில் வரியாகப் படிக்கிறோம். அவர் மகன் கண்முன்னால் செத்துப்போகிறார், பையன் பத்து வருடம் அடிமையாகக் கல் சுமக்கிறான். ரத்தம் தெறிக்கவில்லை, யாரும் கத்தி வசனம் பேசவில்லை. அத்தனை மணி நேரம் நமக்குத் துணையாக இருந்த கட்டளை மெனு அந்த ஒரு சண்டையில் நம்மைக் கைவிடுகிறது, துக்கம் அதிலிருந்தே வருகிறது.

2000-ல் வந்த ஏழாம் பாகம் இதைவிடக் கசப்பானது. அதில் ஓர் ஊரைக் காப்பாற்ற ஒரு பாதிரியார் அரக்கனின் உருவத்தை ஏற்றுக்கொள்கிறார். அது தெரியாத ஊர்மக்கள் அவரையே அடித்துக் கொல்லப் பார்க்கிறார்கள். உண்மை தெரிந்து வெட்கி அதைக் கல்லில் பொறித்து வைத்தால், பின்னால் வந்தவர்கள் ஊரின் பெருமையைப் பாடும் வேறொரு கல்லை வைத்துக்கொள்கிறார்கள், உண்மையைச் சொல்லும் கல்லை உடைத்தும் போடுகிறார்கள். குழந்தைகளுக்கான கேம் என்று பெயர் வாங்கிய ஒரு தொடரில் இது இருக்கிறது. பன்னிரண்டு இன்னும் இருட்டான கதையைச் சொல்லட்டும். சிரிக்கும் ஸ்லைம்களுக்கு நடுவே சொன்னால்தான் அந்த இருட்டு வலிக்கும், அதை மட்டும் அவர்கள் மறக்காமல் இருந்தால் போதும். சுற்றிலும் எல்லாமே கறுப்பாக இருக்கும் கேம்கள் ஏற்கெனவே நிறைய உண்டு.

அப்புறம் சண்டை முறை. டர்ன் பேஸ்டு முடிந்தது என்று உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. 2023-ல் பால்டர்ஸ் கேட் 3, 2025-ல் பிரான்சின் மோன்பெலியே நகரத்துச் சிறிய ஸ்டுடியோ ஒன்று செய்த கிளேர் ஒப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33. இரண்டுமே முறைவைத்து ஆடும் சண்டைகள்தான், இரண்டுமே அந்தந்த வருடத்தில் உலகமே பேசிய கேம்கள். இன்னொரு ஜப்பானிய கேம் தொடரான ஃபைனல் ஃபேன்டசி 2023-ல் தன் பதினாறாவது பாகத்தில் முழு ஆக்‌ஷனுக்குப் போனது உண்மை. ஒவ்வொரு எண்ணிலும் எல்லாவற்றையும் கலைத்துப்போடுவது அந்தத் தொடரின் இயல்பு, அதை இதற்கு அளவுகோலாக வைக்க முடியாது.

டிராகன் குவெஸ்ட் இந்த வழியை ஒருமுறை எட்டிப் பார்த்திருக்கிறது. ஒன்பதாம் பாகத்தை 2006 டிசம்பரில் காட்டியபோது அது நிகழ்நேரச் சண்டையோடு இருந்தது. ஜப்பானில் ரசிகர்கள் கொதித்தார்கள். 2009 ஜூலையில் வெளிவந்தபோது கட்டளை மெனு திரும்பியிருந்தது. ரசிகர்கள் மாற்றத்தையே வெறுப்பவர்கள் என்பதற்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள். ஆனால் அதே ஒன்பதாம் பாகத்தில் மற்ற எதுதான் மாறாமல் இருந்தது? பெரிய டிவியை விட்டு நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான டிஎஸ்ஸுக்குப் போனார்கள். நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஆடலாம் என்றானது. சாலையில் எதிரே வரும் அந்நியரின் டிஎஸ்ஸோடு புதையல் வரைபடங்களை மாற்றிக்கொள்ளலாம், அதற்காகவே டோக்கியோவின் அகிஹபாராவில் கூட்டம் கூடியது. ஜப்பானில் மட்டும் 40 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. மாறியவை எல்லாம் புதியவர்களைக் கூட்டி வந்தன, அதனால் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். நிகழ்நேரச் சண்டை கைவேகம் இல்லாதவர்களை வெளியே தள்ளியிருக்கும். பன்னிரண்டின் சண்டையையும் நான் இப்படித்தான் எடைபோடுவேன். மெனு இருக்கிறதா என்று பார்க்க மாட்டேன். விரல் மெதுவாக ஓடும் ஒரு அறுபது வயதுக்காரர், நடுவில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு யோசித்து, இதைக் கடைசிவரை ஆடி முடிக்க முடியுமா என்று பார்ப்பேன். முடியும் என்றால் அவர்கள் எதை வேண்டுமானாலும் மாற்றட்டும்.

பதிமூன்றுக்கு வருகிறேன். புதிதாக வரப்போகிற ஓவியர் தொரியாமாவைப் போல வரையக்கூடாது. ஸ்லைம் இருக்கட்டும், மற்ற பழைய அரக்கர்களும் வந்து போகட்டும். மனிதர்கள், ஊர்கள், புதிய எதிரிகள் எல்லாம் இன்னொருவரின் சொந்தக் கோட்டில் வர வேண்டும். ஒருவரின் கோட்டை நகலெடுக்கலாம், அந்தக் கோட்டுக்குள் இருக்கும் குறும்பை எடுக்க முடியாது. தொடர் பழைய பொருட்களின் காட்சியறையாக மாறுவது அங்கிருந்துதான் தொடங்கும். இசையும் அப்படித்தான். தொடக்க இசையை வைத்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாமே புதியவருடையதாக இருக்கட்டும். பதினொன்று 2017-ல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்தபோது அத்தனை அழகான உலகத்தில் சின்தசைசர் இசை ஒலித்ததைப் பலரும் குறையாகச் சொன்னார்கள். 2019-ல் வந்த விரிவான பதிப்பில்தான் டோக்கியோ மெட்ரோபாலிட்டன் சிம்பனியின் இசை சேர்ந்தது. சுகியாமாவின் மெட்டுகளை நான் மிகவும் நேசிக்கிறேன். அவற்றையே இன்னும் இருபது வருடம் வேறு வேறு விதமாக வாசித்துக்கொண்டிருப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தன் கருத்தை அஞ்சலட்டையில் எழுதிய ஒருவரை அழைத்து இசை கேட்ட துணிச்சல் 1986-ல் அவர்களிடம் இருந்தது. அதே துணிச்சலோடு இன்னொருவரை இப்போது தேடலாம்.

இப்போது வரிசையாக வரும் ரீமேக்குகளை நான் குறை சொல்லவில்லை. மூன்று 2024 நவம்பரில் வந்தது, ஒன்றும் இரண்டும் சேர்ந்து 2025 அக்டோபரில். இளம் எழுத்தாளர்கள் ஹோரியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எழுதியதை வரிவரியாகப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அந்தப் பயிற்சி நடக்கிறது என்றே நம்ப விரும்புகிறேன்.

எதை ஆடலாம் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் ஐந்தாம் பாகம். போனிலேயே ஆங்கிலத்தில் கிடைக்கிறது, நிமிர்த்திப் பிடித்து ஒரு கையாலேயே ஆடலாம். அது முடிந்த பிறகு ஏழு. பழைய பதிப்பில் முதல் சண்டை வருவதற்கே சில மணி நேரம் ஆகும் என்பதால், 2026 பிப்ரவரி ரீமேக்கில் ஆடுவது உங்களுக்கு எளிது. ஐந்தில் பாதி வழியில் ஒரு கல்யாணம் வரும், பெண்ணை நீங்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜப்பானில் முப்பது வருடத்துக்கு மேலாக அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கு முன்னால் இணையத்தில் எதையும் தேடிப் படிக்காதீர்கள். முடித்ததும் எழுதுங்கள், யாரைத் தேர்ந்தெடுத்தீர்கள், ஏன் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அன்புடன்