கொறங்காட்டுப் பதில்கள்

கேள்வி: பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். ஞாயிறு மட்டும்தான் லீவு. எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) காட்டிலிருந்து விதவிதமாகக் கீரை பறித்து வருவார். அவர் போன பிறகு ஒன்றைக்கூட அடையாளம் சொல்ல வீட்டில் ஆளில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கட்டும் ஐயா?
– வாசகி, அவிநாசி

பதில்: தொய்யக்கீரையிலிருந்து, அம்மிணி. நூறு மூலிகைப் படம் போட்ட புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒரு செடி, ஒரு காடு, ஒரு வருசம். ஐப்பசி மழை இறங்கி இரண்டு மூன்று வாரத்தில் மானாவாரிச் சோளக்காட்டில் தளதளவென்று வந்துவிடும். அப்போது கிள்ளிப் பாசிப்பருப்போடு கடைந்தால்தான் ருசி. பறித்ததோடு விடாமல் அடுத்தடுத்த ஞாயிறும் போய்ப் பாருங்கள். முற்றினால் கதிர் மாதிரி நீண்டு பொடிப்பொடியாக ரோஸ் பூ வைக்கும். கார்த்திகையில் பார்த்த செடியைத் தையில் பார்த்தால் வேறு செடி என்றே நினைப்பீர்கள்.

யாரோடு போவது? மேய்ச்சலுக்கென்றே வேலி போட்டு விட்டிருக்கிற கொறங்காட்டில் ஆடு மேய்க்கிற அம்மாக்களோடு. கிளுவை வேலி ஓரம் நடந்துகொண்டே எது ஆட்டுக்கு, எது மனுசனுக்கு, எது இரண்டுக்கும் ஆகாது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு தூக்கில் டீயும் நாலு பன்னும் கொண்டு போங்கள். காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. வரப்போரம் செழித்து நின்ற பண்ணைக்கீரையைத் துண்டு நிறையப் பறித்து வந்தேன். ஆத்தா ஒரு தழையை மோந்து பார்த்தார், அத்தனையையும் குழி தோண்டிக் கொட்டிவிட்டார். முந்தின நாள் பக்கத்துத் தோட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்திருக்கிறார்கள். “செடியப் பாத்தயே, பக்கத்துத் தோட்டத்தப் பாத்தயா?” என்றார். இன்றைக்கும் கீரைக்குக் குனியும் முன்னால் நாலாபக்கமும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.

மற்றது தானாக வரும். மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு வீட்டு வாசலில் காப்புக் கட்டப் பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை தேடிப் போவீர்கள். (கட்டாகவே விற்கிறார்கள். நானும் வாங்கியிருக்கிறேன், அது வேறு கதை.) சித்திரையில் நுங்கு. ஆடிக் காற்றில் பனம்பழம் விழ ஆரம்பிக்கும், பொறுக்கிவந்து கொட்டையை மண்ணில் புதைத்தால் தைப் பொங்கலுக்குக் கிழங்கு.

கேள்வி: கற்றாழை நாரில் கயிறு திரித்துப் பார்த்தோம். கையெல்லாம் அரிப்பு. கயிறும் பிரிந்துபோகிறது.
– வாசகர், ஊத்துக்குளி

பதில்: பச்சை மடலை அப்படியே நசுக்கியிருப்பீர்கள். அரிப்பு அந்தச் சாறு செய்கிற வேலை. ஆனைக்கற்றாழை மடலைக் கீறித் தண்ணீரில் ஊறப்போட்டு, சதை அழுகிய பிறகு தட்டி அலசினால் நார் வெள்ளையாகத் தனியே வரும். நாற்றம் தாங்காது, அதனால் வீட்டுத் தொட்டியும் குடிக்கிற கிணறும் வேண்டாம்.

பிரிந்துபோவதற்குக் காரணம் முறுக்கு. இரண்டு புரியையும் தனித்தனியே ஒரே பக்கமாக முறுக்குங்கள், சேர்க்கும்போது எதிர்ப்பக்கம் திருப்புங்கள். புரி ஒரு பக்கம் பிரியப் பார்க்கும், கயிறு மறுபக்கம் பிரியப் பார்க்கும். ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். இதைச் சொல்லிக் கொடுக்காமலே அப்பாரு என்னை ஒரு வாரம் திரிக்க விட்டார். அந்தக் கயிற்றில் கட்டிய கன்று ராத்திரி முழுக்கப் பக்கத்துக் கம்பங்காட்டில் மேய்ந்தது. ஏச்சு எனக்குத்தான்.

கேள்வி: தாராபுரம் பக்கம் புதிதாகக் காடு வாங்கியிருக்கிறோம். வேலியில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூத்த கொடியின் அடியில் கிழங்கு இருக்கிறது. அவித்துச் சாப்பிடலாமா?
– வாசகர், கோவை

பதில்: கூடவே கூடாது. அது செங்காந்தள். நம் பக்கம் கண்வலிக்கிழங்கு. மூலனூர் வட்டாரத்தில் மருந்துக்காக விதை எடுக்கப் பயிரே செய்கிறார்கள். அதிலுள்ள கோல்சிசின் என்ற நஞ்சு அவித்தாலும் போகாது, உயிரையே எடுக்கும். யாராவது வாயில் வைத்திருந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் கிழங்கையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். பூ அழகுதான், பார்த்துக்கொண்டு இருங்கள். தோண்டியதை அதே குழியில் போட்டு மூடிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மண்வெட்டியையும்.