சீகை மரம்: கேட்டவையும் சொன்னவையும்

ஊட்டி வாசகர்: வீட்டுக்குப் பின்னால் நிற்கும் சீகை கறுப்பு வாட்டிலா, வெள்ளி வாட்டிலா?

சீகை என்று நாம் சொல்வது வாட்டில் மரத்தைத்தான், அதில் இவை இரண்டு வகை. ஒரு இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நடுக்காம்பின் மேல்பக்கம் கடுகைவிடச் சின்னதாகச் சில புடைப்புகள் தெரியும். அவை சுரப்பிகள். கிளைக்காம்புகள் பிரியும் இடங்களில் மட்டும் இருந்தால் வெள்ளி. இடையிடையேயும் ஒழுங்கில்லாமல் இருந்தால் கறுப்பு. பூத்திருந்தால் இன்னும் சுலபம்: கறுப்பின் பூ வெளிறிய மஞ்சள், வெள்ளியின் பூ பளீர் மஞ்சள். இரண்டும் ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும், முள் கிடையாது.

சீமைக்கருவேலமும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது அமெரிக்கக் கண்டத்து முள்மரம், இது ஆஸ்திரேலிய மரம்.

இதன் காயை அரைத்துத் தலைக்குத் தேய்க்கலாமா?

வேண்டாம். சீயக்காய் வேறு, அது முள்ளுள்ள ஏறுகொடி.

கோத்தகிரி வாசகர்: வெட்டியும் திரும்பத் திரும்ப முளைக்கிறதே?

மரத்தை வெட்டினீர்கள், மண்ணுக்குள் இருப்பதை என்ன செய்தீர்கள்? கறுப்பு வாட்டிலின் விதைக்குக் கெட்டியான தோல். மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெயில் பட்டதும், மண் கிளறப்பட்டதும், குறிப்பாகத் தீ பட்டதும் கிளம்பிவிடும். எரிந்த சரிவு ஒன்றில் மழைக்குப் பிறகு குனிந்து பார்த்தேன். கால் வைக்க இடமில்லாமல் நாற்றங்கால் போல முளைத்திருந்தது. அதனால் தயவுசெய்து தீ வைக்காதீர்கள். வெள்ளி வாட்டில் என்றால் வேரிலிருந்தும் கன்று விடும். வெட்டிய பிறகு ஆண்டுதோறும் போய்க் கன்றுகளைப் பிடுங்க ஆள் இருந்தால் மட்டும் வெட்டுங்கள்.

கொடைக்கானல் வாசகர்: சீகைக்கு அடியில் சோலைக் கன்றுகள், அதாவது நம் மலையின் இயற்கைக் காட்டு மரங்களின் கன்றுகள், நன்றாக வளர்கின்றன. ஏன் வெட்ட வேண்டும்?

நல்ல கேள்வி. நீங்கள் சொல்வது உண்மைதான். பழைய தோப்புகளின் நிழலில், பறவைகள் போடும் விதையிலிருந்து சோலை மரங்கள் எழுகின்றன. அங்கே மொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும். அங்கே நானும் வெட்டச் சொல்லமாட்டேன்.

ஆனால் நம் மலை சோலை மட்டுமில்லை, புல்வெளியும்தான். விறகுக்காக 19ஆம் நூற்றாண்டில் வந்த வாட்டிலை, விடுதலைக்குப் பிறகு தோல் பதனிடும் டானினுக்காகப் புல்வெளிகளில் பெருமளவில் நட்டார்கள். வரையாடு மேய்வதும் குறிஞ்சி பூப்பதும் அந்தப் புல்வெளியில்தான். வேர்முடிச்சுகள் வழியாக மண்ணில் நைட்ரஜனை ஏற்றி, நிழலையும் போட்டு, புல்லை வாட்டில் சாகடிக்கிறது.

அதே வாசகர்: அப்படியென்றால் எங்கே வெட்டுவது?

புல் இன்னும் உயிரோடிருக்கும் விளிம்பில். கன்று இடுப்பளவு இருக்கும்போதே, மண் ஈரமாக இருக்கையில் வேரோடு பிடுங்குங்கள். அடர்ந்த தோப்பு பிறகு பார்க்கலாம், விளிம்பு காத்திருக்காது.

இவ்வளவும் சொல்கிறீர்கள், தீ வைத்தால் ஒரே நாளில் முடியுமே?

முடியாது. மேலே கோத்தகிரிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

என் சொந்தத் தோட்டத்தில் வெட்ட அனுமதி வேண்டுமா?

மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கோடாரியை எடுங்கள்.

சீமைக்கருவேலம் போல இதுவும்...

இரண்டாவது பதில்.