சூப்ரெட் என்றால் வேலைக்காரி வேடம் மட்டும்தானா?

வணக்கம் சகோதரி. 19 வயதிலேயே டீச்சர் உங்களை சூப்ரெட் (மெல்லிய, துள்ளலான பெண் உச்சக்குரல்) என்று சொல்லிவிட்டார், இனி ஓபராவில் வேலைக்காரி வேடம்தானா என்று கேட்டிருந்தீர்கள். மனதைத் தளரவிடாதீர்கள். மோட்சார்ட்டின் 'ஃபிகரோவின் திருமணம்' (1786) ஓபராவைக் கேளுங்கள். அதில் சூசன்னா வேலைக்காரிதான், ஆனால் அவள் இல்லாமல் கதையே நகராது. 4ஆம் அங்கத்தில் 'தே வியேனி' என்ற பாடலைப் பாடும்போது குரல் பியானோவின் நடு சி சுரத்துக்கும் கீழே, ஏ சுரம் வரை இறங்க வேண்டும். மெல்லிய குரலுக்கு உண்மையான சோதனை அங்கேதான். அழுத்தாதீர்கள். வயலின்கள் அங்கே வில்லை விட்டு விரலால்தான் மீட்டுகின்றன. சொல் தெளிவாக இருந்தாலே அரங்கம் முழுக்கக் கேட்கும்.

குரலும் அப்படியே நின்றுவிடாது. இளமையில் சூசன்னாவையும், மோட்சார்ட்டின் 'டான் ஜொவான்னி'யில் வரும் கிராமத்துப் பெண் ஸெர்லினாவையும் பாடிய இத்தாலியப் பாடகி மிரெல்லா ஃப்ரேனி, 1979இல் ஸால்ஸ்பர்க்கில் வெர்டியின் கனமான வேடமான ஐடாவையே பாடினார். அதற்காக இப்போதே வெர்டியைத் தொட வேண்டாம். முதலில் ஸெர்லினாவின் 'பத்தி பத்தி' பாடலை எடுத்துப் பாடுங்கள்.